ராக்கு வெட்டிய பன்னின் இரண்டு பாதிகள்

மதுரையில் பஞ்சுக்கிட்டங்கிச் சந்தில் ஒரே பன்னின் இரண்டு பாதியை இரண்டு பேர் தின்றால் பொழுது சாயும்வரை இவர் வாய் ருசி அவருக்கும் அவர் வாய் ருசி இவருக்கும் மாறிப்போய்விடும் என்பதை அந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை, மாநகராட்சித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் என்று சொல்கிற அதே குரலில்தான் சொல்வார்கள், நீங்கள் வாயைப் பிளந்தால் "ஏன், ஒங்க ஊர்ல பன்னே கெடையாதா?" என்று உங்களைத்தான் பாவமாகப் பார்ப்பார்கள். இது எப்படி நடக்கிறது, வெண்ணெயாலா, பன்னாலா, கல்லின் சூட்டாலா என்று கேட்ட ஒரு கல்லூரி வாத்தியாருக்கு அவர்கள் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். வேலை வெட்டி இருக்கிறவர்கள் இதையெல்லாம் எங்கே ஆராய்ந்துகொண்டிருப்பது?

அந்தப் பன்னை வெட்டுகிறவள் முத்துராக்கு. டீ ஆத்துகிறவர் அவள் புருசன் சோணைமுத்து. பாய்லருக்கும் தோசைக்கல்லுக்கும் நடுவில் மூன்றடி தூரம்தான், அந்த மூன்றடிக்குள்தான் அவளுடைய பதினாலு வருசத்து ஆத்தாமை முழுவதும் கிடந்தது. பதினாலு வருசத்துக்கு முன்னால் சோணைமுத்து டைபாய்டில் ஒரு மாதம் படுத்துவிட, அவர் கை டீ அவளுக்கு வராமல், கூட்டம் எதிர்ச்சாரிக் கடைக்குத் திரும்ப, கடையை மூட மனசில்லாத ராக்கு ஒரு தோசைக்கல்லை வாங்கிப் போட்டு, பேக்கரியிலிருந்து உள்ளங்கையளவுப் பன் எடுத்து, அதைக் குறுக்கே இரண்டாகப் பிளந்து, வெண்ணெயை உருக்கிக் கல்லில் ஓடவிட்டு, வெட்டிய முகம் கீழே படும்படி வைத்து ஓரம் மொறுமொறுவென்று சிவக்கச் சுட்டாள். காய்ச்சல் விட்டு, படுத்த முப்பத்திரண்டாம் நாள் கடைக்கு வந்த புருசனுக்கு, முதல் பன்னைத் தட்டில் வைத்து நீட்டினாள். அவர் கடித்தார், ரோட்டைப் பார்த்தபடியே மென்றார், விழுங்கினார், "ம்" என்றார், பாய்லரைப் பற்றவைக்கப் போய்விட்டார்.

ம்! அந்த ஒற்றை எழுத்தை என்ன செய்வது, சொல்லுங்கள்? நல்லா இருக்கு என்றால் சந்தோசப்படலாம், நல்லா இல்லை என்றால் சண்டை போடலாம். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பரிபூரணத்திடம் ராக்கு யோசனை கேட்டாள். "வெறும் வெண்ணெயத் தடவிக் குடுத்தா எந்த ஆம்பள வாயத் தொறப்பான்? ஜாமைப் போடுடி" என்றாள் பரிபூரணம். ஜாம் போட்டாள், "ம்" என்றார். வெண்ணெயை இரண்டு மடங்காக்கினாள், "ம்" என்றார். சீனி தூவினாள், செர்ரிப் பழத்தை நறுக்கிப் போட்டாள், கலர் கலரான டூட்டி ஃப்ரூட்டியை அள்ளி இறைத்தாள், அடுத்த வருசம் பன்னையே வெண்ணெயில் முக்கியெடுத்தாள், அதற்கடுத்த வருசம் ஜாமின் மேல் இன்னொரு கை சீனி போட்டாள், அவரும் தினம் பதினோரு மணிக்கு ஒரு பன்னை வாங்கி, ரோட்டைப் பார்த்து மென்று, "ம்" என்றார். அவர் ஒருத்தர் வாயைத் திறக்க அவள் போட்ட சீனியில் மதுரை மொத்தமும் வந்து மொய்த்தது. பத்திர ஆபீசுக்கு வருகிறவர்கள் கிரயம் முடித்த கையோடு இங்கேதான் வந்தார்கள், தெப்பக்குளத்திலிருந்து வந்தார்கள், திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்தார்கள், "ஆகா" என்றார்கள், "மதினி, ஒங்க கைக்குத் தங்கக் காப்புப் போடணும்" என்றார்கள். அத்தனை பேர் சொன்னதையும் ஒரு மூட்டையாகக் கட்டி வைகையில் வீசிவிட்டு, தன் புருசன் வாயால் ஒரே ஒரு "நல்லா இருக்கு" கேட்டுவிட்டுச் செத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

இப்படி இருக்கும்போதுதான் போன ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் காலையில், கடையில் ஒரே ஒரு பன் மிஞ்சியது. நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் பத்திரம் எழுதுகிற நாகலிங்கம், இருபது வருசமாகச் சர்க்கரைக்காரர், வீட்டம்மாவுக்குத் தெரியாமல் வருகிறவர். இன்னொருவன் லோடுமேன் ஒச்சப்பன், கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு. "சரிப்பா, ஒன் பை டூ போட்டுக்குவோம்" என்று நாகலிங்கம் மேல் பாதியை எடுத்துக்கொண்டார், ஒச்சப்பன் கீழ் பாதியைத் தின்றுவிட்டு மூட்டை ஏற்றப் போய்விட்டான். மத்தியானம் நாகலிங்கம் வீட்டிலிருந்து வந்த ஓட்ஸ் கஞ்சியையும் பாகற்காய்ச் சாறையும் எதிரே வைத்துப் பெருமூச்சு விட்டு ஒரு வாய் எடுத்தால், நாக்கில் இறங்குகிறது பரோட்டா, அதன் மேல் ஊறிய சால்னா, பின்னாலேயே மிளகு தூக்கலாக மட்டன் சுக்கா. அதே நேரத்தில் மாட்டுத்தாவணியில் ஒச்சப்பன் பரோட்டா மாஸ்டரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "யோவ், பரோட்டாவுல எதுக்குய்யா பாகக்காயப் புழிஞ்ச?" என்று கத்திக்கொண்டிருந்தான்.

மறுநாள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து விசயத்தை ஒப்பிட்டுப் பார்த்து, இன்னொரு பன்னை வெட்டச் சொல்லித் தின்று பார்த்து, சந்தேகம் தீர்ந்தார்கள். நாகலிங்கம் எழுதிப் பழகிய மனிதர் இல்லையா, ஒரு வாரத்துக்குள் பழைய பத்திரத் தாளின் பின்பக்கத்தில், ராக்கு கையால் வெட்டிய பன்னாக இருக்க வேண்டும் என்றும், நகத்தளவு தின்றாலும் செல்லும் என்றும், வயிறும் நோயும் தின்கிறவருக்கே பாத்தியப்பட்டது, ருசி மட்டுமே மறுபாதிக்காரரைச் சேரும் என்றும், சூரியன் விழுந்ததும் அவரவர் ருசி அவரவருக்குத் திரும்பிவிடும் என்றும், யாதொரு வில்லங்கமும் இல்லாமல் எழுதிக் கடைச்சுவரில் ஒட்டிவிட்டார். சந்து அதை ஒருமுறை படித்தது, அப்புறம் அதன்படி நடக்க ஆரம்பித்தது.

மதுரையில் சர்க்கரைக்காரர்களுக்கா பஞ்சம்? விடிந்தால் ஜிப்பாவும் வாக்கிங் ஷூவுமாக வந்து நின்றார்கள். தங்களுக்காகக் கூலிக்குத் தின்ன ஆளுக்கு ஒரு தின்னியைப் பிடித்து, மறுபாதியை அவனுக்குக் கொடுத்துவிட்டு, தங்கள் பாதியில் நகத்தளவு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்துவிட்டார்கள். அவர்களுக்காக ஊர் முழுக்க ஆட்கள் அல்வாவும் ஜாங்கிரியும் ஜிகர்தண்டாவும் தின்றுகொண்டிருந்தார்கள். ஒச்சப்பன் மூட்டை தூக்குவதை விட்டுவிட்டு நாகலிங்கத்துக்கே முழுநேரத் தின்னியானான். நாளெல்லாம் அல்வா தின்பான், வாயில் ஓட்ஸ் கஞ்சி ஓடும். லட்டைக் கடிப்பான், வெந்தயம் கசக்கும். "சாப்பாட்டு வேலைதானேன்னு நெனச்சேன் மதினி, இதுக்கு மூட்டையே தேவலை" என்று ராக்குவிடம் அழுவான். மூன்றாவது மாதம் தலைசுற்றி விழுந்தவனுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை முந்நூற்றுப் பத்து. நாகலிங்கம் நேரில் போய்ப் பார்த்து, ஆரஞ்சுப் பழம் கொடுத்து, "வாயக் கட்டணும்ப்பா ஒச்சப்பா, என்னையப் பாரு, எப்படி இருக்கேன்" என்று புத்திமதி சொல்லிவிட்டு வந்தார். அவருக்குத்தான் நூற்றுப் பத்துக்கு இறங்கியிருந்ததே.

பெண் பார்க்கப் போகிறவர்கள் சொஜ்ஜி பஜ்ஜிக்கு முன்னால் ராக்கு கடைப் பன் ஒன்றைக் கொண்டுபோய் மாமியாரையும் மருமகளையும் ஆளுக்குப் பாதி தின்ன வைத்தார்கள். பாதிச் சம்பந்தம் அங்கேயே முறிந்தது, மிச்சம் பாதி நன்றாகவே நடந்தது, அது பன் இல்லாமலும் அப்படித்தான் நடந்திருக்கும். விரதம் இருக்கிறவர்கள், ஒருத்தன் தின்ற கோழிக் குழம்பு நம் நாக்கில் வந்தால் விரதம் கெடுமா கெடாதா என்று தங்கள் குருசாமியைக் கேட்டார்கள். அவர் மூன்று நாள் யோசித்துவிட்டு, கெடும் என்று தீர்ப்புச் சொல்லி, கடை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்றும் விசாரித்துக்கொண்டார். வார்டு கவுன்சிலர் ஒருமுறை போட்டோக்காரரோடு வந்து, தெரு கூட்டுகிற அம்மாவை அணைத்து நிறுத்தி, ஒரே பன்னை ஆளுக்குப் பாதியாகத் தின்று, மக்களும் நானும் ஒன்று என்று பேசிவிட்டுப் போனார். மத்தியானம் அவர் முன்னால் பிரியாணி, நாக்கில் முந்தாநாள் சோறும் கடித்த வெங்காயமும், தெரு கூட்டுகிற அம்மாவோ பள்ளிக்கூடச் சுவரோரம் உட்கார்ந்து ஊசிப்போன சோற்றை எடுத்து எடுத்துத் தின்று, "அடியாத்தி, ஏலக்காய் போட்டிருக்காகடி!" என்று சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கவுன்சிலர் அந்தச் சந்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சளி பிடித்தவர்களோடு மட்டும் யாரும் பன் பகிர மாட்டார்கள், நாள் முழுக்க நமக்கும் நாக்கு மரத்துக்கிடக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

இப்படி ஊரே ஒருத்தர் வாய்க்குள் ஒருத்தர் புகுந்து வந்துகொண்டிருக்க, ஒரு பன்னைப் பகிராத ஜோடி அந்தச் சந்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பன் போடுகிறவளும் அவள் புருசனும்! பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "மாஸ்டர், நீங்களும் மதினியும் எப்ப?" என்பார்கள். சோணைமுத்து டீயை ஒரு முழம் கூடுதலாகத் தூக்கி ஆத்திக்கொண்டே, "வேலை கெடக்குப்பா" என்பார். ஒருமுறை ராக்குவே வெட்கத்தை விட்டு, பாதிப் பன்னைத் தட்டில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் பால் வாங்கக் கிளம்பிவிட்டார். பால் கேன் நிறைய இருந்தது.

"அவருக்கு என்னமோ பயம் இருக்குடி" என்றாள் பரிபூரணம், மல்லிகையை நார்க்குள் திருகியபடி. "தெனம் மூணு மணிக்கு எங்கயோ போறாரு, நாலு மணிக்கு வர்றாரு. எங்க போறாரு? எவ கையில திங்கிறாரு? ஒன்னோட பன்னப் பகுந்தா அந்தக் கொழம்பு ஒன் நாக்குல வந்து நிக்கும்ல, அதான் ஓடுறாரு."

பரிபூரணத்துக்கு இதில் லாபம் ஒன்றும் இல்லை, சும்மா சொன்னாள். ஆனால் ராக்குவுக்கு அது நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது. பதினாலு வருசத்து "ம்"முக்கும் அர்த்தம் கிடைத்தாற்போல் இருந்தது. எவளோ ஒருத்தியின் கைப்பக்குவம் நாக்கில் ஒட்டிக்கிடக்க, பெண்டாட்டி போட்ட பன்னில் என்ன இருக்கும்? இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள், மூன்றாம் நாள் துணிந்தாள். பதினோரு மணிக்கு அவருக்குக் கொடுக்கிற பன்னில் கீழ்ப் பாதியை மட்டும் அப்படியே வைத்து, மேல் பாதிக்கு வேறொரு பன்னின் மூடியைப் போட்டு அழுத்தினாள். நிஜமான மேல் பாதியைத் தன் மடியில் ஒளித்தாள். அவர் இரண்டையும் சேர்த்துக் கடித்து, ரோட்டைப் பார்த்து மென்று விழுங்கியதும், இவள் கல்லுக்குப் பின்னால் குனிந்து நகத்தளவு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் தண்ணீர்கூடத் தொடவில்லை. தன் வாயில் எதுவும் பட்டால் அவருக்குத் தெரிந்துபோகுமே!

அவர் மிச்சப் பன்னைத் தின்றார். ராக்கு நாக்கில் ஒன்றும் வரவில்லை. அவர் ஸ்ட்ராங்காக ஒரு டீ குடித்தார். ஒன்றும் வரவில்லை. பொறுமையாக இருந்தாள், மூன்று மணிக்குத்தானே கதை. மூன்று அடித்ததும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்ப, ராக்கு பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடி வாயை மூடி, வரப்போகிறது மீன் குழம்பா, வெண்டைக்காய்ப் புளிக்குழம்பா, அந்தப் பாதகத்தி உப்பை எவ்வளவு போடுவாள் என்று நாக்கின் நுனியில் உயிரை வைத்துக் காத்திருந்தாள். பரிபூரணம் வாயால் விசயம் தெரிந்துபோன நாகலிங்கமும், இப்போது கேழ்வரகுக் கூழில் இருக்கிற ஒச்சப்பனும் கூடவே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாலு மணிக்கு அவர் திரும்பி வந்தார். அதுவரை ஒரு துளிப் புளிப்பு இல்லை, ஒரு பொட்டுக் காரம் இல்லை.

சந்தோசப்பட வேண்டியவள்தானே? படவில்லை. காலையில் அவர் தின்ற பன்னும் வரவில்லை, டீயும் வரவில்லை, அவருக்குச் சளியும் இல்லை, அப்படியென்றால் என்ன அர்த்தம்? முன்னே பின்னே தெரியாத லோடுமேனுக்கும் பத்திரக்காரருக்கும் பலிக்கிறது, ஜென்மப் பகையாளிகளுக்குப் பலிக்கிறது, கவுன்சிலருக்கே பலிக்கிறது, கட்டின புருசனுக்கும் எனக்கும் மட்டும் பலிக்கவில்லை; ஒரு பன்னளவு ஒட்டுக்கூட எங்களுக்குள் இல்லை. நினைத்ததும் ராக்குவுக்கு அழுகை முட்டியது, அதற்கு முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. ஒரு பன்னை எடுத்தாள், பிளந்தாள், வெண்ணெயைக் கரண்டியால் போடாமல் கையால் அள்ளிப் போட்டாள், ஜாமைக் குழைத்து அப்பினாள், சீனியைக் கொட்டினாள், செர்ரியைக் கொட்டினாள், பதினாலு வருசமாகத் தான் ஒருநாளும் உட்காராத வாடிக்கையாளர் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊர் பார்க்க ஒரு பெரிய வாயாகக் கடித்தாள்.

நனைந்த அட்டையைக் கடித்த மாதிரி இருந்தது. இனிப்பு இல்லை, உப்பு இல்லை, வெண்ணெய் இருக்கிற வழுவழுப்பு மட்டும் தொண்டையில் இறங்கியது. ஜாம் போட மறந்துவிட்டோமா என்று கையிலிருந்த பன்னைத் திருப்பிப் பார்த்தாள். சிவக்கச் சிவக்க வழிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பாய்லர் பக்கம் சத்தம் கேட்டது. சோணைமுத்து ஆத்திக்கொண்டிருந்த டீ டம்ளருக்கு வெளியே தன் காலிலேயே கொட்டிக்கொண்டிருக்க, அது சுடுவதுகூடத் தெரியாமல், வாயைப் பொத்திக்கொண்டு, கண் இரண்டும் பிதுங்க நின்றார்.

"எவன்டா என் வாயில சீனியக் கொட்டுனது?" என்றார்.

ராக்கு மெதுவாக இன்னொரு வாய் கடித்தாள், அவர் தாடை தானாக அசைந்தது. நாகலிங்கத்துக்குப் புரிந்துவிட்டது, ஒச்சப்பனுக்கும் புரிந்துவிட்டது. ராக்குவுக்குப் புரிந்தபோது கையிலிருந்த பன் மடியில் விழுந்தது.

"ஏங்க... ஒங்களுக்கு நாக்கு..."

"காய்ச்சல்ல போச்சு ராக்கு." அவர் அங்கேயே பாய்லரடியில் உட்கார்ந்துவிட்டார். "கலரப் பாத்து டீ போட்டேன், வாசத்த வச்சுப் போட்டேன். டீ மாஸ்டருக்கு நாக்கு செத்துப்போச்சுன்னா எவன் வருவான் கடைக்கு? ஒங்கிட்டச் சொன்னா நீ அழுவ, நீ அழுதா பரிபூரணத்துக்குத் தெரியும், அப்புறம் மதுரைக்கே தெரியும்." பரிபூரணம் பூக்கூடைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள். "தெனம் மூணு மணிக்குப் போயி, கம்மாக்கரையில வேப்பங்கொழுந்த உருவித் திங்கிறேன். இன்னைக்காவது கசக்காதான்னு பாக்குறேன். பதினாலு வருசமா ஒருநாளும் கசக்கல."

ராக்கு அழுதாள். சும்மா இல்லை, ஊரைக் கூட்டி அழுதாள். பாவி மனுசன், வேப்பிலையைத் தின்றுகொண்டு அலைந்தவரைப் போய் என்னவெல்லாம் நினைத்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுதுமுடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மடியில் கிடந்த பன்னை எடுத்து, ஓரம் நடு எல்லாம் சேர்த்து ஒரு நல்ல வாயாகக் கடித்து, அவருக்காக நிதானமாக மென்றாள். விழுங்கியதும், பதினாலு வருசமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"எப்படி இருக்குங்க?"

ராக்குவின் முதுகுக்குப் பின்னால் நின்ற நாகலிங்கம், சொல்லித் தொலையும்யா என்று சோணைமுத்துவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒச்சப்பன் கண்ணைச் சிமிட்டி, தலையை ஆட்டி, "சூப்பர்" என்று விரலை மடக்கிக் காட்டினான். சோணைமுத்துவுக்கும் அது தெரியாமலில்லை, பெண்டாட்டி முகம் என்ன கேட்கிறது என்பது தெரியாமலில்லை. ஆனால் பதினாலு வருசம் கழித்து ருசி வந்த மனிதனால் அந்த ருசிக்கு எதிராகப் பொய் சொல்ல முடியுமா? அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஓடியது.

"திகட்டுது ராக்கு" என்றார். "ஐயோ, என்னா திகட்டு! இதையா இத்தன வருசமா ஊருக்குப் போட்டுக்கிட்டிருந்த? பன்னு எங்க இருக்குன்னே தெரியல, சீனிக்குள்ள தேட வேண்டியிருக்கு."

நாகலிங்கம் தலையில் கைவைத்துக்கொண்டார். "கெடுத்தான் மனுசன்" என்று ஒச்சப்பன் முனகினான். ராக்கு எழுந்து கல்லுக்குப் போனாள், ஜாம் பாட்டிலை மூடி ஒதுக்கினாள், செர்ரித் தட்டைக் கீழே இறக்கினாள், சீனி டப்பாவைத் தூக்கிப் பரிபூரணத்தின் கையில் கொடுத்தாள். புதுப் பன் ஒன்றைப் பிளந்து, வெண்ணெயை மெல்லத் தடவி, முகம் சிவக்கச் சுட்டு எடுத்து, தனக்கு ஒரு ருசியும் தெரியாத வாயில் ஒரு கடி கடித்து மென்றாள். பாய்லரடியில் சோணைமுத்துவின் தாடை அசைந்தது.

"வெண்ணெய் இன்னும் கூடுதல்தான்" என்றார் அவர். "ஓரம் ஒரு பக்கம் கருகிப்போச்சு."

"அப்படிச் சொல்லுங்க" என்றாள் ராக்கு. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது, கண் நிறையத் தண்ணீராகவும் இருந்தது. வெயில் இன்னும் எதிர்ச்சுவரில் பாதி உயரம் நின்றது. அடுத்த பன்னைக் கையில் எடுத்தாள். "வேற என்ன குத்தம் இருக்கு? பொழுது சாயுறதுக்குள்ள ஒண்ணு விடாமச் சொல்லிருங்க."